சர்ஜிக்கல்ஸ் கடையில் நான் தூங்கிப்போன நாள்

2008 ஜூலை மாதம், மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பி வந்த அந்த நொடியில் என் மூச்சு மெஷின் எரிந்துபோனது. சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. என் கணவர் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "போச்சு" என்றார். நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

ஒரு பெட்டி எரிந்ததற்கா அழுகை என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பெட்டி வருவதற்கு முன் நான் எப்படி இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சுகிர்தா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன். என் கணவர் ஜெயசீலன் தொடக்கப்பள்ளி ஆசிரியர். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலை செய்கிறார்கள். எனக்கு டைரி எழுதும் பழக்கம் உண்டு. இந்தச் சாட்சியையும் அந்த வருடத்து டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆண்டவர் செய்ததைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம்.

எனக்குள்ளது தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் வியாதி. தூங்கியதும் தொண்டை உள்ளுக்குள் மூடிக்கொள்ளும். முதலில் குறட்டை. பிறகு குறட்டையும் நிற்கும், மூச்சும் நிற்கும். உடம்பு திடுக்கிட்டு விழித்துக் காற்றை இழுக்கும். மறுபடியும் அதே கதை. இரவு முழுவதும் படுத்திருந்தும் காலையில் தலைவலியோடு எழுந்திருப்பேன். பகலில் எங்கே உட்கார்ந்தாலும் கண் சொக்கும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஆராதனையில் பிரசங்கம் தொடங்கிய உடனே தலை சாய்ந்துவிடும். "சிஸ்டருக்கு வசனத்தக் கேட்டாதான் தூக்கமே வருது" என்று என் காதுபடவே சிரிப்பார்கள். சோம்பல், வயசு, உடல் பருமன் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

2004-ல் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டி ஒரு ராத்திரி தூங்கவைத்துப் பார்த்தார்கள். மறுநாள் டாக்டர் அம்மா, "இது சோம்பேறித்தனம் இல்லம்மா, வியாதி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவர் எழுதிக் கொடுத்துத்தான் அந்த மெஷின் வந்தது. மூக்கில் ஒரு மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி. பெட்டி காற்றை மெதுவாக அழுத்தி அனுப்பிக்கொண்டே இருக்கும், தொண்டை மூடாது. அவ்வளவுதான் அதன் வேலை. அதை மாட்டித் தூங்கிய முதல் ராத்திரிக்கு மறுநாள் காலையில், உலகத்துக்கு யாரோ வெள்ளையடித்ததுபோல் இருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டில் பஷீர் பாயும் அவர் மனைவி நூருன்னிசாவும் இருக்கிறார்கள். பாய் தோல் பதனிடும் கெமிக்கல் வியாபாரம் செய்கிறவர். நூருன்னிசா அந்த மெஷினைப் பார்த்த அன்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். "இன்னாக்கா இது, யானை தும்பிக்கை மாதிரி? இதுக்குத் தம் மிஷின்னு பேரு வைங்க" என்றார். உருதுவில் தம் என்றால் மூச்சு. எங்கள் ஊரில் அந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாய் தன் பங்குக்கு, "பிரியாணிக்கும் தம் போடறாங்க, டீச்சர் வூட்டம்மாவுக்கும் தம் போடறாங்க" என்று தெருவெல்லாம் சொன்னார். நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். என் டைரியிலும் "தம் மெஷின் கழுவினேன்", "தம் மெஷினுக்குப் புது பில்டர்" என்றுதான் இருக்கும். இந்தப் பெயர் பின்னால் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லப் போகிறேன்.

மெஷின் எரிந்த பிறகு ரேடியோ, டிவி ரிப்பேர் செய்கிறவரிடம் கொண்டுபோனோம். போர்டு போய்விட்டது என்றார். விற்ற சென்னைக் கடைக்குப் போன் செய்தால் எண்ணே இல்லை என்றது. கடை மூடியே வெகுநாளாயிற்றாம். டாக்டர் அம்மாவைப் பார்த்தோம். புதிதாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்து, "மெஷின் இல்லாம ரொம்ப நாள் ஓட்டாதீங்க. மூச்சு நிக்கிற ஒவ்வொரு வாட்டியும் இதயம் தவிக்குது. ஒங்களுக்கு ஏற்கனவே ரத்தக் கொதிப்பு இருக்கு" என்றார்.

பணத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பி.எப். பணத்தில் கடன் எடுத்தோம், கிடைத்தது. மெஷின்தான் கிடைக்கவில்லை.

என் கணவர் ராத்திரியில் விழித்திருந்து, என் மூச்சு நிற்கும்போதெல்லாம் தோளைத் தட்டுவார். பகலில் அவருக்கு வகுப்பில் தூக்கம் வந்தது. "ஒரு வூட்ல ஒருத்தராவது முழிச்சிருக்கணும்ல?" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் கண்களுக்குக் கீழே கருத்துப்போனதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்பெனியில் அது ஷிப்மென்ட் சமயம். ஒரு நாள் மதியம், செக்கிங் டேபிளில் நூல் பிசிறு வெட்டும் கத்தரி கையில் இருக்கும்போதே நின்றபடி தூங்கிவிட்டேன். என் லைனில் தைக்கிற வளர்மதி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"இன்னா மேடம் இது! வெரல் போயிருக்கும் மேடம்!"

மேனேஜர் நல்ல மனிதர். அவர் கோபப்படவில்லை என்பதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. "மிஷின் வர்ற வரைக்கும் நீங்க ஃப்ளோருக்கு வராதீங்கம்மா. லீவு போட்டுக்குங்க. ஆனா இந்த சீசன் முடியறதுக்குள்ள வரலேன்னா, நான் வேற ஆளைப் போட்டுத்தான் ஆவணும்" என்றார். என் லைனை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைய டைரியில் ஒரே வரி: "ஆண்டவரே, எனக்கு மூச்சு வேண்டும், என் வேலையும் வேண்டும்."

அந்தச் சமயத்தில்தான் பஷீர் பாய் உதவிக்கு வந்தார். வியாபார விஷயமாக அவர் அடிக்கடி வேலூர் போகிறவர். அங்கே சர்ஜிக்கல்ஸ் கடை வைத்திருக்கும் அன்வர் பாய் அவருக்குப் பழக்கம். ஆஸ்பத்திரிச் சாமான்கள், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் விற்கும் கடை. நான் டாக்டர் சீட்டை உறையில் போட்டு, மேலே விவரமெல்லாம் எழுதி, அவர் கையில் கொடுத்தேன்.

"பேப்பர் இருக்கட்டும்மா. ஆனா அது தேவையே படாது. அன்வரு நம்ம ஆளு. வாயால சொன்னாப் போதும்" என்று சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் முன்னறையிலேயே நின்று போன் செய்தார். பேச்சு முழுவதும் உருதுவில். எனக்குப் புரிந்தது 'தம்' என்ற ஒரு சொல் மட்டுமே. அதைக் கேட்டதும் மனசு நிம்மதியானது. சரியான பொருளைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, மெஷின் வேலூருக்கு வந்துவிட்டது என்று செய்தி வந்தது. அன்று ஆராதனையில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் நன்றி சொன்னேன். மறுநாள் மாலை பாய் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். விலை எவ்வளவு என்று கேட்டதற்கு, அன்வரோடு கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் பெண்கள் ஐக்கியத்துச் சகோதரிகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெட்டியைப் பிரிக்காமல் நடுவில் வைத்து, அதைச் சுற்றி உட்கார்ந்து பாடினோம். ஜாய்ஸ் அம்மா ஜெபம் செய்தார். அவர் எங்கள் ஐக்கியத்தின் தலைவி, வயதில் மூத்தவர், கருத்தாக ஜெபிக்கிறவர். பிறகு நான் ஆமென் சொல்லிப் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே இருந்தது என் மெஷின் அல்ல.

சின்னதாக ஒரு மோட்டார். மெல்லிசான ஒரு குழாய். மருந்து ஊற்ற ஒரு கிண்ணம். வீசிங் வந்த பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியில் மூக்கில் வைத்துப் புகைபோல மருந்து கொடுப்பார்களே, அந்த நெபுலைசர். சகோதரிகள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள்.

ஜாய்ஸ் அம்மாதான் முதலில் பேசினார். "சுகிர்தா, மனசுல ஒண்ணு படுது, சொல்றேன். ஆண்டவரே கதவ மூடறார்னு தோணுது. மிஷினை நம்பாதே, என்னை நம்புன்னு சொல்றார். இன்னிலேருந்து விசுவாசத்தோட சும்மா படுத்துத் தூங்கு. அவர் பாத்துக்குவார்."

என் கணவர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். "அப்படியா அக்கா? நீங்களும் அந்தக் கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டு, விசுவாசத்தோட நாளைக்கு வேதபாடம் வாசிங்க பாக்கலாம்" என்றார்.

சகோதரிகளில் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். ஜாய்ஸ் அம்மா கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாரே தவிரக் கோபப்படவில்லை. ஆனாலும் அவர் சொன்னது எனக்குள் தைத்துவிட்டது. சபையில் நன்றி சொன்ன பிறகு இப்படி ஆனதே, ஒருவேளை அவர் சொல்வது சரிதானோ என்று தவித்தேன். முழங்காலில் நின்று ஆண்டவரிடம் கேட்டேன். குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கையில் எனக்குள் ஒரு தெளிவு வந்தது. என் வியாதிக்குப் பெயர் சொன்ன டாக்டர் அம்மாவை அனுப்பியவர் அவர்தானே? நாலு வருடம் என்னை உயிரோடு வைத்தது அவர் காற்றுதானே? அந்தக் காற்று ஒரு குழாய் வழியாக வந்தால் அது அவருடைய காற்று இல்லாமல் போய்விடுமா? எழுந்தபோது என் பயம் போகவில்லை. சந்தேகம் போய்விட்டது.

தவறு எப்படி நடந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது. பஷீர் பாய் எங்கள் வீட்டிலிருந்தே அன்வர் பாய்க்குப் போன் செய்து சத்தம் போட்டார். நடுவில் திடீரென்று நிறுத்தினார். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"நாசமாப் போச்சு. நா சொன்னது 'தம் கீ மிஷின்'. இவன் காதுல வுழுந்தது 'தமே கீ மிஷின்'."

"ரெண்டுக்கும் இன்னா பாய் வித்தியாசம்?" என்றார் என் கணவர்.

"தம்முன்னா மூச்சு சார். தமான்னா எங்க பாஷைல ஆஸ்துமா, வீசிங்கு. பின்னால 'கீ' வந்தா தமா, தமேன்னு ஆயிடும். ஆஸ்துமா மிஷின் கேக்கறேன்னு நெனச்சி அனுப்பிட்டான். ஒரு 'ஏ' சத்தம்தான் சார் ஜாஸ்தி!"

நூருன்னிசா தலையில் அடித்துக்கொண்டார். "பேரு வெச்சது நாந்தானே! அல்லா, என் வாயத் தைக்கணும்."

"தைக்கறதுக்கு நம்ம வூட்டம்மா இருக்காங்க, லைன்ல போட்டுத் தெச்சிடுவாங்க" என்றார் என் கணவர். அத்தனை பேஜாரிலும் எல்லோரும் சிரித்துவிட்டோம். டாக்டர் சீட்டு பாயின் சட்டைப் பையிலிருந்து மடிப்புக்கூடக் கலையாமல் வெளியே வந்தது.

ஆனால் கடைக்காரர் பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேண்டுமானால் நேரில் வந்து பேசுங்கள் என்றார். அந்தச் சனிக்கிழமை பாய்க்கு லோடு ஏற்றும் வேலை இருந்ததால், நானும் என் கணவரும் மட்டும் நெபுலைசர் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் நான் செய்த ஜெபத்தை அன்று மாலை டைரியில் எழுதிவைத்தேன். அதனால் அப்படியே சொல்கிறேன். "ஆண்டவரே, எனக்கு வாதாடத் தெரியாது. இந்த வியாதியைச் சொன்னாலே சிரிக்கிறார்கள். குறட்டைக்கு மெஷினா என்கிறார்கள். அந்தக் கடைக்காரருக்கு நான் சொல்லிப் புரியப்போவதில்லை. நீரே புரியவையும்."

கடையில் கூட்டம் இருந்தது. அன்வர் பாய் நாற்பது வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பிடி கொடுக்கவில்லை.

"அம்மா, மூக்குல வெக்கற சாமானு. நீங்க போட்டுப் பாத்திருந்தாலும் போட்டுப் பாக்காட்டாலும் பாக்கெட்டு ஒடச்சாச்சு. இன்னொருத்தருக்கு நா எப்படிக் குடுக்கறது?"

"சரி பாய், அத வுடுங்க. எங்களுக்கு வேண்டிய மிஷின வரவழைச்சிக் குடுங்க" என்றார் என் கணவர்.

"அந்த மிஷினு நாங்க வெக்கறதே இல்ல சார். மெட்ராஸ்ல சொல்லணும். சரியில்லன்னு நீங்க சொன்னா அவன் திருப்பி எடுக்க மாட்டான், என் தலைல வுழும். நா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. கொறட்டைக்குப் போயி எதுக்கு சார் இவ்ளோ பாடு? எங்க வூட்ல எல்லாருந்தான் கொறட்டை வுடறாங்க."

நான் டாக்டர் சீட்டை எடுத்து நீட்டி விளக்க ஆரம்பித்தேன். வார்த்தை கோர்வையாக வரவில்லை. நல்ல தூக்கம் இல்லாதவர்களுக்குத் தெரியும், சொல்ல வந்தது நடுவழியில் கரைந்துபோகும். அதற்குள் வேறொரு குடும்பம் வாக்கர் வாங்க வந்தது. "கொஞ்சம் ஒக்காருங்கம்மா, வர்றேன்" என்றார். உட்கார நாற்காலி எதுவும் இல்லை. விற்பனைக்கு நிறுத்தியிருந்த சக்கர நாற்காலி ஒன்றுதான் இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத அதில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. என் கணவர் சொன்னதை எழுதுகிறேன்.

உட்கார்ந்த உடனேயே தூங்கிவிட்டேனாம். குறட்டை தொடங்கியது. வாக்கர் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்வர் பாயும் சிரித்தார். "பாருங்க சார், ரோட்ல சைக்கிள்காரன் பெல்லடிக்கிறான், பஸ்காரன் ஆரன் அடிக்கிறான், அம்மா இன்னா சொகமாத் தூங்கறாங்க! இவங்களுக்கா தூக்க வியாதி?"

அப்போது குறட்டை நின்றது.

வாக்கரை மடக்கிக்கொண்டிருந்த அன்வர் பாய் முதலில் கவனிக்கவில்லை. பிறகு தலையைத் தூக்கினார்.

"இன்னா சார், சத்தத்தக் காணோம்?"

"மூச்சு நின்னுடுச்சு பாய்."

"இன்னா சொல்றீங்க?"

"மார்பப் பாருங்க. அசையுதா?"

வாக்கர் வாங்க வந்தவர்கள் கிட்டே வந்து பார்த்தார்களாம். என் மார்பு தவிக்கிறது, வாய் திறக்கிறது, ஆனால் காற்று போகவில்லை. "சார், எழுப்புங்க சார்! எழுப்புங்க!" என்று அன்வர் பாய் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். என் கணவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "தானா வரும் பாய். ஒவ்வொரு ராத்திரியும் நா இதத்தான் பாத்துக்கினு ஒக்காந்திருக்கேன். ஒரு தரம் நீங்களும் பாருங்க."

நான் நாற்காலியோடு அதிரும்படி ஒரு பெருமூச்சு இழுத்தேனாம். தலை தூக்கிப்போட்டது. மறுபடியும் குறட்டை. மறுபடியும் நின்றது. அன்வர் பாய் அல்லாவைக் கூப்பிட்டார். வாக்கர் வாங்க வந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அன்வர் பாய் முகத்தில் ரத்தமே இல்லை என்கிறார் என் கணவர். அவர் மெதுவான குரலில் சொன்னது இது:

"எங்க அப்பா இப்டித்தான் சார் தூங்குவாரு. இதே மாதிரி நிக்கும். நாங்கல்லாம் சுத்தி ஒக்காந்து, இப்பப் பாரு இஞ்சின் கிளம்பும்னு சிரிப்போம் சார்."

நான் கண் விழித்தபோது ஒரு மின்விசிறி என் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. கையில் டீ கொடுத்தார்கள். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். வெட்கமாகிவிட்டது. "மன்னிச்சிக்குங்க பாய், கண் அசந்துட்டேன்" என்றேன்.

"அய்யோ, நீங்க ஒண்ணும் பேசாதீங்கக்கா" என்றார் அன்வர் பாய். சற்று முன்வரை 'அம்மா'வாக இருந்த நான் 'அக்கா'வாகிவிட்டேன். "அந்தச் சீட்டக் குடுங்க."

பிறகு அவர் செய்ததையெல்லாம் நினைத்தால் இன்றைக்கும் கண் கலங்குகிறது. சீட்டில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் படித்தார். புரியாததை டாக்டர் அம்மாவுக்கே போன் செய்து கேட்டார். காற்றின் அழுத்தம் எவ்வளவு வைக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார். பழைய மெஷினில் என்னென்ன கஷ்டம் என்று என்னைக் கேட்டார். எனக்கு யாரும் இப்படிக் கேட்டதில்லை. மாஸ்க் என் முகத்துக்குப் பெரிசு, ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும் என்றேன். மின்வெட்டு வந்தால் மூச்சு முட்டி எழுந்துவிடுவேன் என்றேன். கரண்ட் திரும்பி வரும் வேகத்தில்தான் எரிந்தது என்றேன். எல்லாவற்றையும் சென்னைக் கம்பெனிக்குப் போனில் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ இழுத்தடித்திருக்க வேண்டும். "நீ இன்னா மிஷின் வித்தா போதும்னு பாக்கற. நா ஆளப் பாத்துட்டுப் பேசறேன்" என்று அதட்டினார். நெபுலைசர் பெட்டியை அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரமே சென்னையிலிருந்து ஒரு மெஷினை வரவழைத்து, அவரே ஆம்பூருக்கு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தூங்கிப் பார்த்துச் சரியாக இருந்தால் மட்டும் பில் போடுவேன் என்றார். மாஸ்க் மறுபடியும் பெரிதாக இருந்தது. முகம் சுளிக்காமல் எடுத்துப்போய்ச் சின்ன அளவு வாங்கிவந்தார். இந்த முறை கன்னத்தில் விரல் வைத்து அழுத்தியதுபோல் அப்படியே பொருந்தியது. பெண்கள் முகத்துக்கென்றே ஓர் அளவு இருக்கிறதாம். நாலு வருடமாக எனக்கு அது தெரியாது. கரண்ட் போனால் கார் பேட்டரியில் ஓடும்படியான மெஷின் அது. கூடவே ஸ்டெபிலைசர் வைக்காமல் பிளக்கில் சொருகக் கூடாது என்று என் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். பழைய மெஷின் மாதிரியே ஒன்றைக் கொடும் என்றுதான் நான் ஆண்டவரிடம் கேட்டிருந்தேன். அதைவிட எனக்குப் பொருத்தமானது ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியாததால் அதைக் கேட்கவில்லை.

அதை மாட்டித் தூங்கிய மறுநாள் காலை, தலைவலி இல்லாமல் கண் விழித்தேன். வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. பக்கத்தில் என் கணவர் வாய் திறந்து குழந்தைபோல் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவர் அன்று தாமதமாகத்தான் போனார். டைரியில் எழுதினேன்: "தூங்கினோம்."

சீசன் முடிவதற்குள் கம்பெனிக்குத் திரும்பினேன். மேனேஜர் என் லைனை என்னிடமே கொடுத்தார். நான் உள்ளே நுழைந்ததும் வளர்மதி கூவினாள்: "மேடம் முழிச்சிக்கினாங்கடி! இனிமே நாம தூங்க முடியாது!" லைன் முழுவதும் சிரித்தது. அன்று சாயங்காலம்வரை ஒருமுறைகூட என் கண் சொக்கவில்லை. ஜோடியில் ஒரு ஷூவின் தையல் மற்றதைவிட ஒரு கோடு தள்ளியிருந்தால்கூடக் கண்டுபிடித்தேன்.

அந்த அக்டோபரில் அன்வர் பாய் தன் அப்பாவை அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அவருக்கும் இதே வியாதி, என்னைவிட அதிகம். அவருக்கும் மெஷின் வந்தது. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துச் சொல்ல அன்வர் பாய் போன் செய்தபோது இப்படிச் சொன்னார்: "அக்கா, அப்பா இப்பல்லாம் தொழுகைல தூங்கறதில்ல. நா ஒண்ணு சொல்லட்டுமா? அன்னிக்கி நீங்க முழிச்சிக்கினு ஒழுங்காப் பேசியிருந்தீங்கன்னா, நா ஒங்களத் திருப்பி அனுப்பிச்சிருப்பேன்."

போனை வைத்துவிட்டு டைரியில் அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்த மனிதருக்கு நீரே புரியவையும் என்றுதானே பஸ்ஸில் கேட்டேன்? என் வாய் செய்ய முடியாததை என் வியாதியைக் கொண்டே செய்தார். எதை நினைத்து வெட்கப்பட்டேனோ அதையே எனக்காகப் பேச வைத்தார். அதுவும் நான் கண் மூடியிருக்கும்போது. சரியான பெட்டி முதலிலேயே வந்திருந்தால் நாங்கள் வேலூருக்குப் போயிருக்க மாட்டோம். ஒரு வீட்டில் ஒரு பெரியவரின் மூச்சு நின்று நின்று ஓடுவதைப் பார்த்து இன்னமும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஜாய்ஸ் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த விவரத்தையெல்லாம் ஐக்கியத்தில் சொன்ன அன்று, எல்லோரும் போன பிறகு அவர் மட்டும் செருப்பைத் தேடுவதுபோல் தங்கினார். "சுகிர்தா, எங்க வூட்டுக்காரருக்கும் நடுவுல சத்தம் நிக்குது. அந்த டாக்டரு எந்தக் கிழமைல பாக்கறாங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன். இருவரும் சேர்ந்து ஜெபித்தோம்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் யாராவது குறட்டை விட்டு நடுவில் ஓசை இல்லாமல் போனால் சிரிக்காதீர்கள். பகலெல்லாம் தூங்கி விழுகிறவரைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அது அவிசுவாசம் அல்ல. உங்கள் கஷ்டம் வேறாக இருக்கலாம். யாரிடம் சொன்னாலும் புரியாத ஒன்றாக இருக்கலாம். சபையில் நன்றி சொல்லிவிட்டு, பிரித்துப் பார்த்தால் வேறு பெட்டியாக இருக்கலாம். அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். உங்களால் சொல்ல முடியாததை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

நான் இப்போது மாஸ்க்கை மாட்டிக்கொண்டுதான் இரவு ஜெபம் செய்கிறேன். காற்று வர ஆரம்பித்தால் தூக்கம் சீக்கிரம் வந்துவிடுகிறது. பல நாள் ஆமென் வரை போவதில்லை. முன்பு அதற்காக வருத்தப்பட்டிருப்பேன். இப்போது வருத்தமில்லை. பாதியில் நின்ற ஜெபத்தின் மீதி அவருக்குத் தெரியும். நீங்களும் உங்கள் மீதியை அவரிடம் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.